திறப்பு யார் கையில்?
இலண்டன் நகரின் குழாய்நீர் வரலாற்றில் ஒரு பகுதி

1478ஆம் ஆண்டில் இலண்டன் மாநகர வீதிகளில் விசித்திரமான ஓர் ஊர்வலம் நடைபெற்றது. குதிரை ஒன்றின்மீது வில்லியம் கம்பியன் என்பவன் ஏற்றப்பட்டிருந்தான். நீர்த்தொட்டியின் வடிவிலே செய்த பாத்திரமொன்று அவன் தலைமேல் வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து சிறு குழாய்களின் வழியே நீர் ஒழுகி, அவன் உடலை நனைத்த வண்ணமிருந்தது. பாத்திரம் வற்றியபோதெல்லாம் மீண்டும் நிரப்பினர். அவன் செய்த குற்றம் யாது? பிளீற் வீதியில், தன் வாசலருகே நிலத்தடியிற் சென்ற நகரப் பொதுக்குழாயை இரகசியமாகத் துளைத்து, அந்நீரைத் தன் வீட்டுக்குத் திருப்பிக்கொண்டான் என்பதே.

குழாயில் ஓடும் நீர் எவருக்கு உரியது, அதைத் திறக்கவும் அடைக்கவும் அதிகாரம் யாருக்கு உண்டு என்னும் வினா மிகப் பழையது என்பதை இத்தண்டனை காட்டுகின்றது. தன் வளவிலுள்ள கிணற்றிலே துலா மிதித்து நீர் இறைத்துப் பழகியவருக்கு இவ்வினா எழுவதில்லை. வாளியை உயர்த்தினால் நீர் வரும். வேண்டாதபோது கிணறு தானாகவே அமைந்திருக்கும். குழாய்நீரோ அத்தன்மையதன்று. அது எங்கோ ஓரிடத்திற் பிறரால் தள்ளப்பட்டு வருவது. தடுத்தாலன்றி நில்லாது. ஆதலால், குழாய்நீரின் வரலாற்றில் நீரைக் கொண்டுவந்தவர் கதை ஒரு பாதி. நிறுத்தியவர் கதை மறு பாதி. முதற்பாதியைப் பலரும் எழுதியுள்ளனர். மறுபாதி அவ்வளவாகப் பேசப்படவில்லை.

இலண்டனுக்கு 13ஆம் நூற்றாண்டிலேயே குழாய்நீர் வந்துவிட்டது. டைபேண் என்னும் இடத்து ஊற்றுக்களிலிருந்து ஈயக் குழாய் பதித்து, சீப்சைட் என்னும் கடைத்தெருவிலிருந்த பொதுத் தொட்டிக்கு நீரைக் கொண்டுவந்தனர். மக்கள் அங்கு சென்று முகந்தனர். இயலாதவர் நீர் சுமப்போருக்குக் கூலி கொடுத்தனர். ஈயம் மென்மையான உலோகம், எளிதில் வளையும், தீயிலே காட்டி ஒட்டவும் இலகுவானது. ஆகவே குழாய் என்றாலே ஈயம் என்றாயிற்று. குழாய் வேலை செய்பவரைப் 'பிளம்பர்' என அழைப்பதும், ஈயத்துக்கு இலத்தீன் மொழியில் வழங்கிய 'பிளம்பம்' என்னும் சொல்லின் வழி வந்ததே.

வீட்டுக்குள் நீர் வரத் தொடங்கியது 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளிலே. பீற்றர் மொறிஸ் என்பவர் 1582 அளவில் இலண்டன் பாலத்தின் வளைவொன்றில் நீர்ச்சில்லு அமைத்து, தேம்ஸ் நதியின் நீரை உயர்த்தி வீடுகளுக்கு அனுப்பினார். பின்னர் ஹியூ மிடில்டன் என்பவர், ஹேட்போட்சயர் மாவட்டத்து ஊற்றுக்களிலிருந்து ஏறத்தாழ 39 மைல் நீளமுள்ள கால்வாயொன்றை வெட்டுவித்தார். 'புதிய நதி' எனப் பெயர் பெற்ற அக்கால்வாய் 1613ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் நாள் திறக்கப்பட்டது. நதியுமன்று, இன்று புதியதுமன்று. எனினும் பெயர் நிலைத்துவிட்டது. வீதிகளின் கீழே நீரை எடுத்துச் சென்றவை எல்ம் என்னும் மரத்தின் அடித்தண்டை நடுவே துளைத்துச் செய்த மரக்குழாய்கள். ஒன்றன் நுனியை மற்றதன் வாயிற் செருகி இணைப்பர். அவற்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் மெல்லிய ஈயக் குழாய் ஒன்று கிளைத்துச் செல்லும். மரக்குழாய் பொருந்துமிடமெல்லாம் கசியும். மிகுந்த அழுத்தத்தையும் தாங்காது. ஆகையால் நகரமெங்கும் எந்நேரமும் நீரை விடுதல் இயலாதாயிற்று. இன்று இந்த வீதிக்கு இரண்டு மணி நேரம், நாளை அடுத்த வீதிக்கு இரண்டு மணி நேரம் என முறைவைத்து விட்டனர்.

இந்த முறைவைப்பிலிருந்து பிறந்தவனே 'டேர்ன்கொக்' எனப்பட்ட தொழிலாளி. தமிழில் அவனைத் திறப்புக்காரன் எனலாம். ஆளுயர இரும்புத் திறப்பொன்றைத் தோளிற் சாத்தி, வீதி வீதியாகச் சென்று, நிலத்தடியிலுள்ள வால்வுகளைத் திறப்பதும் அடைப்பதும் அவன் வேலை. எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது, எந்த வால்வு எந்த வரிசை வீடுகளைக் கட்டுப்படுத்துகிறது என்பதெல்லாம் படத்தில் இருந்ததைவிட அவன் நினைவிலேயே மிகுதியாக இருந்தது. அவன் திறந்தபோது வீட்டார் விரைந்து பீப்பாய்களையும் தொட்டிகளையும் நிரப்பிக்கொள்வர். அவன் அடைத்துச் சென்றபின் அடுத்த முறை வரும்வரை அந்த நீரே குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் ஆனது. வீட்டினுள்ளே தனியாக நீரை நிறுத்தும் வால்வு எதுவும் தேவைப்படவில்லை. நிறுத்துவதற்கு அவன் இருந்தான்.

தீப்பற்றிய வேளைகளில் அவனுடைய அருமை தெரிந்தது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயின்போது மக்கள் வீதியைத் தோண்டி, குழாய்களை உடைத்து, வாளிகளை நிரப்பினர். ஓரிடத்தில் உடைத்தால் அதற்கு அப்பாலுள்ள குழாய்களுக்கு நீர் சேராது என்பதை எண்ணிப்பார்க்க அவர்களுக்கு அவகாசம் இல்லை. பாலத்தடியிலிருந்த நீர்ச்சில்லும் அத்தீயிலே எரிந்தது. பின்னர், தேவைப்படும் வேளையிற் பிடுங்கத்தக்க மர முளைகளைக் குழாய்களிலே இடைக்கிடை பொருத்தினர். ஆனால் வால்வு அடைத்திருக்கும் நேரத்தில் முளையைப் பிடுங்கி ஆவதென்ன? ஆதலால் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சட்டமியற்றி, தீப்பற்றிய இடத்துக்கு முதலில் நீரைத் திறந்துவிடும் திறப்புக்காரனுக்கு 10 ஷில்லிங் பரிசு என விதித்தனர். அவன் நித்திரையிலோ மதுக்கடையிலோ இருந்தால் ஒரு வீதியே சாம்பராகலாம் என்னும் நிலையில், அப்பரிசு பெரிதன்று.

முறைவைத்து நீர் விடுவதில் இதனினும் கொடிய தீங்கொன்று மறைந்திருந்தது. குழாயில் நீர் நிறைந்து அழுத்தத்துடன் இருக்கும்போது, வெடிப்பின் வழியே நீர் வெளியே கசியும். வெளியிலுள்ளது உள்ளே புகாது. நீரை அடைத்ததும் நிலை மாறும். குழாய் வெறிதாகும்போது, சுற்றியுள்ள மண்ணிலிருந்து கழிவுநீரும் அழுக்கும் அதே வெடிப்பின் வழியே உள்ளே இழுக்கப்படும். பழைய குழாய்களுக்கு அருகே பழைய மலக்குழிகளும் இருந்த நகரில் இதன் விளைவை விரித்துரைக்க வேண்டியதில்லை. பீப்பாய்களில் தேங்கிய நீரின் நிலை வேறு. 1866ஆம் ஆண்டு கிழக்கு இலண்டனில் வாந்திபேதி பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வடிகட்டாத நீரை அங்கு விநியோகித்தமையே காரணம் என ஆய்ந்தோர் கண்டனர். சில வீடுகளின் குழாய்களிலே விலாங்கு மீன்கள் அகப்பட்டமையும் அந்த ஆய்விலே வெளிவந்த செய்தி. வடிகட்டிய மணற் படுக்கையூடாக விலாங்கு நீந்தி வருதல் எங்ஙனம்?

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, நீரை நிறுத்துவதனால் உயிரைக் காக்கலாம் என்பதை வைத்தியர் ஜோன் ஸ்நோ காட்டியிருந்தார். சோஹோப் பகுதியில் வாந்திபேதி கண்டு இறந்தவர்களின் வீடுகளை அவர் கணக்கெடுத்தார். அவர்களுட் பெரும்பாலோர் புரோட் வீதியிலிருந்த நீரிறைக்கும் பொறி ஒன்றின் நீரையே பருகினர் எனக் கண்டார். அவர் எடுத்துரைத்தபடியே 1854ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் நாள் அப்பொறியின் கைபிடி கழற்றப்பட்டது. அது குழாய்நீரன்று, கிணற்றுநீரே. நோயும் அதற்குள் தணியத் தொடங்கிவிட்டது என்பதை ஸ்நோவே ஒப்புக்கொண்டார். ஆயினும், ஒரு கைபிடியைக் கழற்றிய அச்செயல் இன்றும் பேசப்படுகின்றது.

எந்நேரமும் குழாயில் நீரை நிறைத்து வைத்தலே தக்கது என்னும் கொள்கையை முதலில் நடைமுறைப்படுத்திக் காட்டியவர் தோமஸ் ஹோக்ஸ்லி என்னும் இளம் பொறியியலாளர். நொட்டிங்ஹாம் நகரில் 1831ஆம் ஆண்டிலே அவர் அதைச் செய்தார். அப்போது அவருக்கு வயது 24. அங்கு இயன்றது தலைநகரில் ஏன் இயலாது எனச் சீர்திருத்தவாதிகள் கேட்டனர். இலண்டன் கொம்பனிகள் கூறிய மறுமொழி முற்றிலும் பொய்யன்று. எங்கள் வீதிக் குழாய்களைத் திருத்தலாம். ஆனால் வீடுகளுக்குள்ளே உள்ள ஈயக் குழாய்களும் ஒழுகும் அடைப்புக்களும் எந்நேரமும் அழுத்தத்தைத் தாங்குமா? இரண்டு மணி நேரம் ஒழுகியது இருபத்துநான்கு மணி நேரமும் ஒழுகினால் நதியே போதாது. இவ்வாறு அவர்கள் வாதாடினர்.

உண்மையிலே, பழைய முறைக்கு ஏற்பச் செய்த பொருள்கள் புதிய முறைக்குப் பொருந்தவில்லை. அக்காலத்துக் குழாய் வாய்களில் இருந்தது துளையுள்ள ஒரு முளை. அதைக் கால் வட்டம் திருப்பினால் திறக்கும். மீண்டும் திருப்பினால் அடைக்கும். அழுத்தம் மிகுந்தால் அது ஒழுகும். திடீரென அடைத்தால், விரைந்து வரும் நீர் தடைப்பட்டுக் குழாயின் சுவரை உள்ளிருந்து சம்மட்டிபோல அடிக்கும். தேய்ந்த ஈயம் அவ்வடியிலே பிளக்கும். இக்குறையை நீக்கியது, 1845ஆம் ஆண்டு றொதர்ஹாம் நகரத்துப் பித்தளை வார்ப்பாலையான கெஸ்ற் அன்ட் கிறைம்ஸ் காப்புரிமை பெற்ற திருகு அமைப்பு. பல சுற்றுத் திருகும்போது சிறு தட்டொன்று மெல்ல இறங்கி நீரின் வழியை மூடும். நீர் படிப்படியாகவே நிற்கும், அடியும் இல்லை. இன்று வீடுகளிற் காணப்படும் திருகுக் குழாய்களுக்கு இதுவே முன்னோடி. பாராளுமன்றங்களின் பிரகடனங்களைவிட இச்சிறு பித்தளைப் பொருள் நகர வாழ்வை மிகுதியாக மாற்றியது என்று சொன்னால் அது மிகையாகாது.

இறுதியில், 1871ஆம் ஆண்டுச் சட்டம் இடையறா நீர் விநியோகத்துக்கு வழிவகுத்தது. அடுத்த ஆண்டு அதன்கீழ் விதிகள் வகுக்கப்பட்டன. குழாய் வீட்டெல்லைக்குள் நுழையும் இடத்திலேயோ அதற்கு மிக அருகிலேயோ திருகி அடைக்கும் வால்வொன்று இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. படிப்பவர்க்கு அது அற்பமான விதியாகவே தோன்றும். ஆனால் 250 ஆண்டுகளாகத் திறப்புக்காரனின் தோளில் இருந்த அதிகாரத்தின் ஒரு பங்கு, அந்த விதியினாலே வீட்டாரின் கைக்கு மாறியது. நீர் எப்போதும் வரத் தொடங்கிய பின்னரே, அதை நிறுத்தும் பொறுப்பும் வீட்டிற்குள் வந்தது. அதே தலைமுறையில், 1880களில், கொழும்பு மாநகரமும் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்நீர் பெறலாயிற்று என்பதை நேயர்கள் இங்கு நினைவுகூரலாம்.

மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. வீடுகளைப் பகுதி பகுதியாக வாடகைக்கு விட்டிருந்த உரிமையாளர்கள், குழாய்களைப் புதுப்பிக்கும் செலவை விரும்பவில்லை. வீட்டுக் குழாய்கள் விதிக்கு ஒத்தில்லாத பகுதிகளுக்கு இடையறா நீரைக் கொம்பனிகள் மறுக்கவும் இடமிருந்தது. ஏழைகளின் வீதிகளே இவ்வாறு பிந்தின. உரிமையாளர் நீர்வரி கட்டத் தவறினால், கொம்பனி வந்து வீதியிலுள்ள வால்வை அடைத்துச் செல்லும். வாடகையை ஒழுங்காகக் கொடுத்த குடியிருப்பாளரின் அடுப்பிலே உலை ஏறாது. தவறியவர் வேறு, தாகத்தாற் துன்புற்றவர் வேறு. உரிமையாளரின் கடனுக்காகக் குடியிருப்பாளரின் நீரை நிறுத்தலாகாது என 1887ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும்வரை இந்நிலை நீடித்தது.

வால்வை வேறொரு வகையிற் பயன்படுத்தியவரும் உண்டு. 1870களில் லிவர்பூல் நகரப் பொறியியலாளரான ஜோர்ஜ் டீக்கன், நகரை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் செல்லும் நீரின் அளவைத் தானே வரைந்து காட்டும் கருவியொன்றை அமைத்தார். எல்லோரும் உறங்கும் நள்ளிரவிலும் நீர் ஓடினால் அது கசிவேயன்றி வேறில்லை. பணியாளர் இருளில் வீடு வீடாகச் சென்று, இரும்புத் திறப்பின் ஒரு முனையை வால்வின்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பர். வைத்தியர் நோயாளியின் மார்பிற் செவிசாய்ப்பது போன்றது அது. இரைச்சல் கேட்டால் வால்வை அடைப்பர். அதே நொடியிற் கருவியின் கோடு இறங்கினால், ஒழுகும் வீடு இதுவே எனத் தெளியும். மறுநாட் காலையில் வீட்டுக்காரருக்கு அறிவித்தல் வரும். நகரத்தின் இரைச்சல் அடங்கிய பின்னரே அதன் நோயைக் கேட்க முடிந்தது.

1895ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்துக் குளிர், புதிய முறையின் பலவீனத்தை வெளிப்படுத்தியது. நீர் உறைதல் என்பது வெப்ப நாட்டினர் கண்ணாற் காணாத நிகழ்ச்சி. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும். குழாயினுள்ளே பெருகினால் குழாய் பிளக்கும். ஆயினும் உறைந்திருக்கும் வரையில் அப்பிளவு தெரியாது. கட்டியே அடைப்பாக நிற்கும். வெயில் கண்டு உருகிய பின்னர்தான் வீடெங்கும் வெள்ளம். அவ்வாண்டு ஆழமின்றிப் பதித்த வீதிக் குழாய்களே உறைந்தன. பல வாரங்கள் மக்கள் வீதி முனையிலே தற்காலிகமாக நாட்டிய குழாய்களில் வாளியோடு காத்துநின்றனர். மீண்டும் சீப்சைட் காலம் திரும்பியது போலிருந்தது. உருகத் தொடங்கியபோது, வால்வு எங்கே இருக்கின்றது என அறியாத வீட்டார் எத்தனை பேர் என்பதும் தெரியவந்தது.

1902ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எட்டுக் கொம்பனிகளின் பணியும் பொதுச் சபையொன்றின் கைக்கு மாறியது. நீர் பொதுவாயிற்று, குழாயோ பாதிதான் பொதுவாயிற்று. வீதியிலிருந்து எல்லை வால்வு வரையிலுள்ளது சபைக்குரியது. அதற்கு உட்பட்டது வீட்டுக்குரியவரைச் சார்ந்தது. இந்த எல்லைக்கோடு இன்றும் அழியவில்லை. இதனால் விளைந்த கேடு யாதெனில், வீதிப்புறத்துப் பழைய ஈயக் குழாயை நீக்கிப் புதியது பதித்தபோதும், வளவுக்குள்ளே இருந்த ஈயம் அப்படியே தங்கிவிட்டது. பிரித்தானியாவில் ஏறத்தாழ 1970 வரை ஈயக் குழாய் பதிக்கப்பட்டது. ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு என்பது இன்று ஐயமற்ற செய்தி. ஒரு லீற்றர் நீரில் 10 மைக்கிரோகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என 2013ஆம் ஆண்டின் முடிவிலிருந்து வரம்பு இறுக்கப்பட்டது. குழாயினுள்ளே காப்புப் படலம் படியும்பொருட்டு நீரிற் பொஸ்பேற்றுச் சேர்க்கின்றனர். அது நோயைத் தணிக்கும் மருந்தே. குழாயை மாற்றுதலுக்கு ஈடாகாது.

இலண்டனின் நீர் சுண்ணாம்பு மிகுந்த கடினநீர். அச்சுண்ணாம்பு ஈயத்தின் உட்சுவரிற் படிந்து, நஞ்சு கரைவதை ஓரளவு தடுக்கின்றது. ஆனால் அதே சுண்ணாம்பு வால்வின் திருகிலும் படிந்து அதை இறுக்கிவிடுகின்றது. இருபது ஆண்டுகளாக எவரும் தொடாத வால்வு, வேண்டிய நாளிலே அசைய மறுக்கின்றது. வலிந்து திருகினால் தண்டு முறியலாம், அல்லது ஈயக் குழாயின் ஒட்டு விரிசல் காணலாம். அப்போது சிறு கசிவைத் தடுக்கப் போனவர் பெருவெள்ளத்தை வரவழைத்தவராவார். நூறாண்டு கடந்த வரிசை வீடுகளில் இன்னுமொரு சிக்கலும் உண்டு. ஒரே குழாய் நாலைந்து வீடுகளுக்குக் கிளைத்திருக்கும். அதை அடைக்கும் வால்வு ஒருவருடைய சமையலறைப் பலகையின் அடியிலே இருக்கும். அவர் வெளியூர் சென்றிருந்தால் மற்றவர் பாடு என்னாவது?

வால்வு அடைபடப் பிந்தினால் உயிரிழப்பும் நேரும் என்பதற்கு, 1940ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் இரவு பால்ஹாமில் நிகழ்ந்த கொடுமை சான்று. விமானக் குண்டுகளுக்கு அஞ்சி மக்கள் அங்குள்ள நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்திலே தங்கியிருந்தனர். மேலே வீதியில் விழுந்த குண்டு, நீர்க்குழாய்களையும் கழிவுக்குழாய்களையும் உடைத்தது. மண்ணும் நீரும் சுரங்கத்தினுள்ளே பாய்ந்தன. அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். போர்க்கால இரவுகளில், உடைந்த பெருங்குழாயின் இருபுறத்து வால்வுகளையும் இருளிலே தேடி அடைத்தவர்கள், பழைய திறப்புக்காரரின் வழிவந்த தொழிலாளரே. அவர்களுடைய பெயர்கள் வரலாற்று நூல்களிற் பெரிதும் இடம்பெறவில்லை.

1974இல் அந்தப் பொதுச் சபை கலைந்தது. 1989இல் நீர்ச்சேவை மீண்டும் கொம்பனியின் கைக்குச் சென்றது. வரலாறு வட்டமடித்தது எனினும் ஒன்று மட்டும் திரும்பவில்லை. கட்டணம் கட்டாமைக்காகக் குடிமனைகளின் நீரை நிறுத்துதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தாற் தடுக்கப்பட்டது. கடனை நீதிமன்றத்திலே கேட்கலாம், வால்வின்மேற் கைவைத்தலாகாது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கடுங்குளிர் தணிந்து பனி உருகியபோது, குழாய்கள் பல இடங்களில் வெடித்து, இலண்டனில் மட்டும் 20,000க்கு மேற்பட்ட வீடுகள் நீரின்றி வருந்தின. 1895இன் காட்சிகளுள் ஒரு சில அப்போதும் காணக்கிடைத்தன. வாளிகளின் இடத்தில் பிளாஸ்டிக் போத்தல்கள் இருந்தன.

பழைய சபையின் பெயரெழுத்துக்கள் பொறித்த சிறு இரும்பு மூடிகளை இலண்டனின் நடைபாதைகளில் இன்றும் காணலாம். சிலவற்றின்மேற் சீமெந்து பூசப்பட்டுவிட்டது. ஆண்டுக்கு இருமுறை வால்வை முற்றாக மூடித் திறந்து, திறந்தபின் அரைச்சுற்று பின்னே திருப்பி விடுமாறு குழாய் வேலை செய்வோர் கூறுவர். முற்றத் திறந்த நிலையிலே விட்டால் அது இறுகிவிடும் என்பது அவர்தம் அனுபவம். இறுகிய வால்வு எதற்கும் இணங்காதபோது அவர்கள் கையாளும் உபாயம் ஒன்றுண்டு. குழாயைச் சுற்றி உறையொன்றைக் கட்டி, கடுங்குளிர் வாயுவை அதனுட் செலுத்துவர். உள்ளிருக்கும் நீர் அவ்விடத்தில் மட்டும் உறைந்து கட்டியாகி வழியை அடைக்கும். அக்கட்டி உருகுமுன் பழைய வால்வை வெட்டியெடுத்துப் புதியதைப் பொருத்திவிடுதல் வேண்டும்.